எல்லாவற்றையும் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று எழுதிவிடலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஜப்பானிய ஆக்‌ஷன் ஃபிகர்களைச் சேகரிப்போரைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 'வளர்ந்த பிறகும் பொம்மையா' என்ற வழக்கமான கேலி இல்லாமல், சேகரிப்பவர்களின் ஆர்வத்தை மதித்து எழுதியிருந்தது மகிழ்ச்சி தந்தது. ஆனால் கட்டுரையுடன் வந்த மூன்று படங்களின் கீழும் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்றே அச்சாகியிருந்தது. முதல் படத்தில் இருந்தது கை கால் எதுவும் அசையாத பிவிசி உருவம். இரண்டாவது, வாங்கியவரே பாகம் பாகமாகப் பொருத்தி முடிக்க வேண்டிய, குண்டம் என்ற ஜப்பானிய அனிமேஷன் இயந்திர மனிதனின் பிளாஸ்டிக் மாதிரி. மூன்றாவது மட்டுமே மூட்டுகளை மடக்கி விரும்பிய நிலையில் நிறுத்தக்கூடிய, அந்தப் பெயருக்கு உரிய பொருள். சொற்குற்றம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். இதில் பொருட்குற்றமும் இருக்கிறது, பொருள் என்பதில் காசும் அடக்கம் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சேகரிக்கத் தொடங்கிய புதிதில் நானும் இதே குழப்பத்தில் பணத்தைத் தொலைத்தவன். இணையத்தில் ஒரு விற்பனையாளர் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று குறிப்பிட்டிருந்த வாள்வீரன் ஒருவனை, நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பெட்டியைப் பிரித்து, ஓங்கியிருந்த வாளைச் சற்றுத் தாழ்த்தி வைக்கலாம் என்று தோளைப் பிடித்துத் திருப்பினேன், அசையவில்லை. புதிய பொருள், மூட்டு இறுகியிருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்பியதில், 'டப்' என்ற ஓசையோடு கை தனியாக வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் மூட்டே இல்லை. ஒரு சிறிய சதுர முளை, அது போய் உட்காரும் குழி, இரண்டுக்கும் இடையில் காய்ந்துபோன பசை, அவ்வளவுதான்.

அது ஜப்பானில் 'பிரைஸ் ஃபிகர்' என்று சொல்லப்படும் வகை என்பது பிறகுதான் தெரிந்தது. கடையில் விலை போட்டு விற்பதற்காக அல்லாமல், விளையாட்டுக் கூடங்களில் உள்ள கிரேன் இயந்திரங்களில் பரிசாக வைப்பதற்கென்றே செய்யப்படுபவை இவை. பான்பிரெஸ்டோ, செகா, டைட்டோ போன்ற பெயர்கள் பெட்டியில் இருந்தால் பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும் என்று ஊகிக்கலாம். அங்கே இத்தகைய பரிசுப் பொருள்களின் மதிப்புக்கு உச்சவரம்பு உண்டு. நெடுங்காலம் சுமார் 800 யென்னாக இருந்த அது, 2022இல்தான் சுமார் 1,000 யென்னாக உயர்ந்தது. அந்த வரம்புக்குள் அடக்க வேண்டும் என்பதால் பாகங்கள் குறையும், வண்ணப்பூச்சு எளிமையாகும், மூட்டு இருக்காது. இன்று வரும் பிரைஸ் ஃபிகர்களின் முகச் செதுக்கலைப் பார்த்தால் அவற்றை மட்டமானவை என்று தள்ள மனம் வராது; என் அலமாரியிலும் நான்கைந்து இருக்கின்றன. ஆனால் பரிசுப் பொருளை ஆக்‌ஷன் ஃபிகர் விலைக்கு வாங்குவது வேறு கதை.

'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற சொல் பிறந்த விதமே வேடிக்கையானது. 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற படைவீரனை வெளியிட்டபோது, 'பொம்மை' என்று சொன்னால் பையன்களுக்கு யாரும் வாங்கித் தர மாட்டார்கள் என்று அஞ்சியே இந்தப் பெயரைச் சூட்டியது. கை கால் மடங்கும், ஆகவே இது செயல்படும் வீரன் என்பது அதன் வாதம். அந்த ஜோவை உரிமம் பெற்று ஜப்பானில் விற்ற டகாரா நிறுவனம், அதே உடலமைப்பைக் கொண்டு, உள்ளே இயந்திர உறுப்புகள் தெரியும்படி ஒளி ஊடுருவும் உடலோடு ஹென்ஷின் சைபோர்க்கை 1972இல் உருவாக்கியது. 1974இல் அதன் வழிவந்த மைக்ரோமேன் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரமே இருந்தது. மைக்ரோமேன், டகாராவே 1980இல் தொடங்கிய டயக்ளோன் ஆகிய இவ்விரு வரிசைகளின் பொம்மைகளை எடுத்துக்கொண்டுதான் ஹாஸ்ப்ரோ 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸைத் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து போன ஒரு மூட்டு, லாரியாகவும் துப்பாக்கியாகவும் உருமாறும் கலையைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தது என்றே சொல்லலாம். தங்கள் கட்டுரை டிரான்ஸ்ஃபார்மர்ஸை 'அமெரிக்கப் பொம்மை' என்று ஒரே வரியில் கடந்துபோனது எனக்குச் சற்று வருத்தமே.

மைக்ரோமேன் வந்த அதே 1974இல், பண்டாய் நிறுவனத்தின் கிளையான பாப்பி, மாசிங்கர் இசட் என்ற அனிமேஷன் கதையின் இயந்திர மனிதனை உலோகத்தில் வார்த்து வெளியிட்டது. அவ்வரிசைக்கு வைத்த 'சோகோகின்' என்ற பெயர், அந்தக் கதையில் வரும் கற்பனை உலோகத்தினுடையது. கையில் கிடைப்பது துத்தநாகக் கலவைதான். ஆனால் பிளாஸ்டிக்கை மட்டுமே தொட்டுப் பழகிய ஒருவர் சோகோகினை முதன்முறை எடுக்கும்போது, எதிர்பாராத கனத்தில் கை ஓர் அங்குலம் தாழ்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கனத்துடன் வளர்ந்தவர்கள் பெரியவர்களானதும் அவர்களுக்கென்றே 1997இல் 'சோல் ஆஃப் சோகோகின்' வரிசை வந்தது. அதன் முதல் எண்ணும் மாசிங்கர் இசட்டுக்குத்தான்.

இன்று அசையும் உருவங்களை வாங்குவோர் அதிகம் கேள்விப்படும் பெயர்கள் மூன்று. 2006இல் கையோடோ நிறுவனம் கொண்டுவந்த ரெவோல்டெக்கில், முக்கிய மூட்டுகளில் ஒரே மாதிரியான, பல்சக்கரம் கொண்ட இணைப்புத் துண்டு இருக்கும். மடக்கினால் 'கிறிக் கிறிக்' என்று படிப்படியாக நகர்ந்து, விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். மூட்டு இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியும் என்பது அதன் குறை. 2008இல் மேக்ஸ் ஃபேக்டரி உருவாக்கிய ஃபிக்மா, உருவத்தின் வடிவம் கெடாமல் மூட்டைப் பொருத்துவதில் கவனம் செலுத்தியது. அதனுடன் மாற்றிப் பொருத்த முகங்களும் கைகளும், முதுகில் மாட்டி அந்தரத்தில் நிறுத்த மடங்கும் தண்டுள்ள தாங்கியும் வரும். சிறு கைகள் தொலைந்துபோகாதிருக்க ஒரு ஜிப் பையையும் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள்; அந்தப் பையை நினைத்துப் பார்த்தவர் யாரோ, அவரும் சோஃபாவுக்கு அடியில் ஒரு கையைத் தேடியவராகத்தான் இருக்க வேண்டும். அதே ஆண்டில் பண்டாய் தொடங்கிய எஸ்.எச்.ஃபிகுஆர்ட்ஸ், கமென் ரைடர் தொடரின் முகமூடி வீரர்களிலும் டிராகன் பால் அனிமேஷன் பாத்திரங்களிலும் இன்றுவரை வலுவாக இருக்கிறது. தொடங்குபவருக்கு எது என்று கேட்டால் நான் தயங்காமல் ஃபிக்மாவைச் சொல்வேன். ரெவோல்டெக்கின் மூட்டு எனக்குப் பிடித்தமானது என்றாலும், அழகான நிலையில் அதை நிறுத்த ஓவியக் கண் வேண்டும்.

விளம்பரங்களில் காணும் 1/12, 1/6, 1/7 போன்ற எண்களைக் கட்டுரையாளர் 'மாடல் எண்' என்று எழுதியிருந்தார். அவை அளவு விகிதங்கள். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை 1/12 ஆக்கினால் 14 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அசையும் வகைகள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே வருகின்றன. 1/6 என்றால் 28 சென்டிமீட்டர், துணியாலேயே உடை தைத்துப் போடலாம். 18 மீட்டர் உயரமுள்ளதாகக் கதையில் சொல்லப்படும் குண்டத்தை 1/144 ஆக்கினால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். 1980 ஜூலையில் 300 யென்னுக்கு வந்த முதல் குண்டம் பிளாஸ்டிக் மாதிரியின் அளவு அதுவே. 1/7, 1/8 என்று இருந்தால் அது பெரும்பாலும் அசையாத 'ஸ்கேல் ஃபிகர்'. காற்றில் பறக்கும் கூந்தலும் பாவாடை மடிப்பும் அதில் ஒரே கணத்தில் உறைந்திருக்கும். அந்தக் கணத்துக்குத்தான் விலை. பெரிய தலையும் சிறிய உடலுமாக ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரமுள்ள நென்டோராய்ட், முகத்தையும் கைகளையும் மாற்றலாம் என்பதால், இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று சேகரிப்பவர்களே ஒத்துப்போவதில்லை.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட இரண்டு வகைகளைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, மென்மையான வினைலில் செய்த 'சோஃபுபி' அரக்கர்கள். உலோக அச்சுக்குள் திரவ வினைலை ஊற்றிச் சூடேற்றி, சுவரோரம் படிந்து இறுகியதும் மீதியை வடித்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் இடுக்கியால் அந்த உருவத்தைச் சிறிய வாய் வழியே பிடித்து இழுப்பார்கள். சுருங்கி வெளியே வரும் அரக்கன் மறுபடி தன் வடிவத்துக்கு விரிவான். உள்ளே வெற்றிடம், மூட்டு ஐந்தாறு இடங்களில் வெறும் சுழற்சி. மற்றொன்று, தனியாட்கள் வீட்டில் செதுக்கி, ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்க்கும் 'கராஜ் கிட்'. சீபா மாகாணத்தின் மகுஹாரி மெஸ்ஸேயில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற உருவ மாதிரிக் கண்காட்சியில் இவற்றை விற்க, பாத்திரத்தின் உரிமையாளர் அந்த ஒரு நாளுக்கு மட்டும் அனுமதி தருவார். மறுநாள் அதையே விற்றால் உரிமை மீறல். அப்படி ஒரே நாளில் கைமாறிய பொருள் பிற்பாடு ஏன் அவ்வளவு விலைக்குப் போகிறது என்பது இதைத் தெரிந்தவருக்குத்தான் புரியும்.

எனக்குக் கவலை தந்த வரி ஒன்று உண்டு. 'குழந்தைகளுக்குப் பரிசளிக்க ஏற்றவை' என்று கட்டுரை முடிந்திருந்தது. ஃபிக்மா, ஃபிகுஆர்ட்ஸ் வகைப் பெட்டிகளில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே அச்சிட்டிருக்கும். விரல் நகத்தைவிடச் சிறிய மாற்றுக் கைகளும், கூர்மையான வாள் முனைகளும், பிடித்து இழுத்தால் ஒடியும் மெல்லிய முளைகளும் உள்ள பொருளை ஐந்து வயதுக் குழந்தையிடம் கொடுத்தால் பொருளுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து.

போலிகளைக் கண்டுபிடிக்க, 'சீனாவில் தயாரிக்கப்பட்டது என்றிருந்தால் வாங்க வேண்டாம்' என்று கட்டுரை சொல்லும் வழியும் பயன்படாது. ஜப்பானிய நிறுவனங்களின் உண்மையான ஃபிகர்களில் பெரும்பகுதி சீனத் தொழிற்சாலைகளில் உருவாகுபவைதான். பார்க்க வேண்டியவை வேறு: மினுமினுக்கும் தோல், கண்ணின் கோடு விழியைத் தாண்டி வழிந்திருப்பது, மூட்டு ஒன்று இறுக்கமாகவும் மற்றொன்று தொளதொளவென்றும் இருப்பது, பெட்டியில் உரிமம் குறிக்கும் ஒட்டுச்சீட்டு இல்லாதது. தோய் அனிமேஷன் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பாத்திரம் என்றால் பூனை முகம் கொண்ட பளபளப்பான ஒட்டு இருக்க வேண்டும். அதையும் போலி செய்கிறார்கள் என்பதால் ஒட்டை மட்டும் நம்பாமல் முகத்தைப் பார்ப்பதே நல்லது.

வாங்கியபின் பிரிக்காமல் வைத்திருந்தால் புதிதாகவே இருக்கும் என்பதும் அரை உண்மைதான். பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் கசிந்து மேலே வரும். மூடிய பெட்டிக்குள் அது வெளியேற வழியின்றி உருவத்தின் மேலேயே படிந்துவிடும். ஏழாண்டுகள் பொத்திப் பொத்தி வைத்த ஒரு ஸ்கேல் ஃபிகரைப் பிரித்தபோது, அதன் கன்னம் வியர்த்ததுபோல் என் விரலில் ஒட்டியது. வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்புக் கரைசலிட்டுக் கழுவினால் போய்விடும், ஆனால் காற்றோட்டம் இல்லையென்றால் மறுபடி வரும். வெயில் படும் இடமும் ஆகாது. வெள்ளைப் பாகங்கள் மஞ்சளாகிவிடும். மூட்டில் வண்ணம் ஒட்டிக்கொண்டு திருகவில்லை என்றால், என்னைப்போல் பலத்தைக் காட்டாமல், வெந்நீரில் சிறிது நேரம் வைத்து இளகிய பின் திருப்ப வேண்டும். ஆனால் அங்கே மூட்டு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும்.

திருத்தம் வெளியிடுவதாயின், முதல் படத்தின் கீழ் 'பிரைஸ் ஃபிகர்' என்றும், இரண்டாவதன் கீழ் 'குண்டம் பிளாஸ்டிக் மாதிரி' என்றும் அச்சிட்டால் போதும். மூன்றாவது இருந்தபடியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்