விடியற்காலைத் தூக்கத்தைப் பறிக்க வேண்டாம்

ஐயா,

பொதுத்தேர்வு நெருங்க நெருங்கப் பல பள்ளிகளில் காலை 7 மணிக்கே சிறப்பு வகுப்பு தொடங்கிவிடுகிறது. வீட்டிலும் நாலரைக்கே எழுப்பி, காபியைக் கையில் கொடுத்துப் படிக்க உட்கார வைக்கிறோம். எழ முடியாத பிள்ளைக்குச் 'சோம்பேறி' என்று பெயர். அது சோம்பல் அல்ல, அந்த வயதின் உடற்கடிகாரம்.

வளரிளம் பருவத்தில், தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பது ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. எட்டு வயதில் ஒன்பது மணிக்கே சாய்ந்த பிள்ளைக்குப் பதினைந்தில் பத்தரை, பதினொன்றுக்கு முன் கண் சொக்காது. 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொன்றுக்குத் தூங்கி நாலரைக்கு எழுந்தால் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். அதிலும் கனவுத் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். நாம் வெட்டுவது அதைத்தான். இன்னொன்று: ஆத்திரத்தை அடக்கி யோசிக்க வைக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. தூக்கம் கெட்டால் அதன் பிடி இன்னும் தளரும். 'மார்க் என்ன ஆச்சு?' என்ற ஒரே கேள்விக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'காலையில் தூங்க நேரம் கொடுத்தால் இரவில் இன்னும் லேட்டாகத்தான் படுப்பார்கள்' என்பார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். பிள்ளைகளின் தூக்கம் தினமும் சுமார் 34 நிமிடம் கூடியது.

வீட்டில் செய்யக்கூடியவை உண்டு. மாலை நான்கு மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரமானாலும் காஃபீனில் பாதியளவு ரத்தத்தில் இருக்கும். ஒன்பதரைக்கு டியூப்லைட்டை அணைத்துவிட்டு மங்கலான விளக்கைப் போடுங்கள். செல்போன்கள் இரவில் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும், அப்பா அம்மாவின் போனும் சேர்த்து. பிள்ளையுடையதை மட்டும் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். காலையில் மொட்டை மாடியில் இருபது நிமிட வெளிச்சம் உடற்கடிகாரத்தை முன்னே இழுக்கும். படுக்கும் நேரத்தை ஒரே நாளில் ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவர முயன்றால் பிள்ளை புரண்டுகொண்டுதான் கிடக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடமாக நகர்த்துங்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு வரை தூங்கவிட்டால் அந்த வாரத்து உழைப்பெல்லாம் வீண். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதல் போதும். மதியத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டாம்.

மதிப்பெண், நட்பு, செல்போன் பற்றிய கடினமான பேச்சை எழுந்தவுடன் எடுக்காதீர்கள். மாலையில், வயிறு நிறைந்த பிறகு, ஒரு விஷயத்தை மட்டும் பேசுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையோடு சோர்வோ, விரக்தியோ தெரிந்தால் கண்டிப்பு உதவாது, மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

ஆனால் வீடு மட்டும் மாறிப் பயனில்லை. ஏழு மணி வகுப்புக்காகக் கிராமத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடிக்கும் பிள்ளை ஐந்து மணிக்கே எழுந்தாக வேண்டும். சிறப்பு வகுப்புகளை மாலைக்கு மாற்றப் பள்ளி நிர்வாகங்களும் கல்வித் துறையும் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வளரிளம் பருவ மனநல ஆலோசகர்கள்,
திருச்சிராப்பள்ளி