இறங்கிய அன்றே மியூசிக்கல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த லண்டன் பயணக் கட்டுரையின் கடைசிப் பகுதி, நகரின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்ட் அரங்குகளில் மியூசிக்கல், அதாவது பாட்டும் நடனமுமாகக் கதை சொல்லும் மேடை நாடகம், பார்ப்பது பற்றியது. (இசை நாடகம் என்று எழுதினால் நம் வாசகர்களுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் மரபுதான் நினைவுக்கு வரும். அதனால் மியூசிக்கல் என்றே எழுதுகிறோம்.) விமானம் இறங்கிய மாலையே ஒரு காட்சிக்குப் போய்விடுங்கள், டிக்கெட்டைத் தேடுபொறியில் முதலில் வரும் தளத்தில் வாங்குங்கள், பணம் இருந்தால் ஸ்டால்ஸ் எனும் தரைத்தள இருக்கை, இல்லாவிட்டால் ஆசையை விடுங்கள் என்று கட்டுரை சொல்கிறது. மூன்றுமே தவறு. நம்பிப் போகிறவர்களுக்குப் பணமும் போகும், பாட்டும் போகும்.

முதல் யோசனையை எடுத்துக்கொள்வோம். லண்டனில் மாலைக் காட்சி பெரும்பாலும் 7.30க்குத் தொடங்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம் கடிகாரம் அவர்களுடையதைவிட நாலரை மணி நேரம் முன்னால் ஓடும். மற்ற மாதங்களில் ஐந்தரை. அப்படியானால் திரை விலகும் நேரம் உங்கள் உடம்புக்குக் கோடையில் நள்ளிரவு 12, குளிர்காலத்தில் 1 மணி. இருட்டு, குளிர்சாதனம், மெத்தை நாற்காலி எல்லாம் சேர்ந்தால் இரண்டாம் பாதியில் தூங்காதவர்கள் அபூர்வம். குறட்டை விட்டால் பக்கத்துக்காரர் முழங்கையால் இடிப்பார். இறங்கிய மறுநாள் பிற்பகல் 2.30 காட்சிக்குப் போங்கள். அது உங்கள் உடம்புக்குக் கோடையில் இரவு 7 மணி. விமானம் தாமதமானாலும் டிக்கெட் வீணாகாது.

நேராக விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய பெட்டியை அரங்குக்குள் விட மாட்டார்கள், வாங்கி வைக்கவும் இடம் இருக்காது. பெரிய ரயில் நிலையங்களில் காசு கொடுத்துப் பெட்டி வைக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே போய்த் திரும்பும் நேரத்தில் முதல் பாட்டு முடிந்திருக்கும். தாமதமாக வந்தவரை நிகழ்ச்சியில் தோதான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள். லைசியம் அரங்கில் 1999 முதல் நடக்கும் ‘தி லயன் கிங்’கில், தொடக்கப் பாட்டின்போது யானை உட்பட விலங்குகள் பார்வையாளர் நடைபாதை வழியாக மேடைக்குப் போகும். பத்து நிமிடம் தாமதமானால் பாதிப் பேர் எதற்காக வந்தார்களோ அதைத் தவறவிட்டுவிடுவார்கள். இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியவிடிய நடக்கும் நம்மூர் ஸ்பெஷல் நாடகத்தில் எப்போது வந்தும் உட்காரலாம். அந்தத் தாராளம் அங்கே கிடையாது.

நாள் கணக்குப் போடுவதில்தான் அனுபவம் தெரியும். பெரும்பாலான மியூசிக்கல்கள் வாரத்துக்கு எட்டுக் காட்சி: திங்கள் முதல் சனி வரை ஆறு மாலை, கூடவே இரண்டு பிற்பகல். பிற்பகல் காட்சி ஒன்று சனிக்கிழமை இருக்கும். மற்றொன்று சிலவற்றுக்குப் புதன், சிலவற்றுக்கு வியாழன். ஞாயிறு நடத்துபவை சில உண்டு, அவை வேறொரு நாளை விட்டுவிடும். எனவே செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள் கையில் இருந்தால், புதனுக்கும் வியாழனுக்கும் தனித்தனி மியூசிக்கலைப் பிடித்து எட்டுக் காட்சி வரை பார்க்க முடியும். முடியும் என்பதற்காகப் பார்க்க வேண்டியதில்லை. ஐந்தைத் தாண்டினால் எந்தப் பாட்டு எதில் வந்தது என்றே குழம்பிவிடும். பிற்பகல் காட்சி 5 மணியைத் தாண்டி முடியும். மாலைக் காட்சிக்கு இரண்டு மணி நேரம்தான் மிச்சம், சாப்பாட்டை அதற்குள் முடிக்க வேண்டும்.

நம் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருவதால் எல்லோரும் அப்போதே கிளம்புகிறார்கள். மே கடைசி வாரம் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் விடுமுறை. குழந்தைகள் விரும்பும் மியூசிக்கல்களின் விலை அந்த வாரம் ஏறிவிடும். மே முதல் இரண்டு வாரம் எவ்வளவோ மேல். ஆகஸ்டில் பெரியவர் ஒருவர் டிக்கெட்டுடன் குழந்தை ஒருவருக்கு இலவசம் தரும் ‘கிட்ஸ் வீக்’ நடக்கும். நம் பள்ளி நாள்களில் அது வருவதால், அங்கேயே வசிக்கும் உறவினர்களுக்குத்தான் பயன்படும். பெரும்பாலான காட்சிகளுக்கு 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடுவதில்லை. மடியில் வைத்துக்கொள்கிறோம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

இனி டிக்கெட். விசா கையில் வருவதற்கு முன் வாங்கவே வாங்காதீர்கள். லண்டன் டிக்கெட்டுகளுக்குப் பொதுவாகப் பணம் திரும்ப வராது. வாங்கும்போது மியூசிக்கலின் அதிகாரபூர்வத் தளத்துக்குப் போய், அங்கிருந்து அரங்கின் விற்பனைப் பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறியில் மேலே நிற்பவை பெரும்பாலும் விளம்பரங்கள். அவற்றில் சில மறுவிற்பனைத் தளங்கள்: 40 பவுண்டு இடத்தை 90க்கு விற்கும், எந்த வரிசை என்பதைப் பணம் கட்டிய பிறகே சொல்லும். முகவரிடம்தான் வாங்குகிறீர்கள் என்றால், ஸ்டார் என்ற முகவர் சங்கத்தின் முத்திரை அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது, வங்கிச் செயலியில் நாமே திறக்க வேண்டும். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். லண்டனில் இறங்கியதும் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு இந்திய சிம்மைக் கழற்றி வைப்பவர்கள், காலை 10 மணிக்குத் திறக்கும் சலுகை டிக்கெட்டைக் கண்ணெதிரே இழப்பார்கள். இரண்டு சிம்மும் போனில் இருக்கட்டும், இந்திய எண்ணில் ரோமிங் திறந்திருக்கட்டும். வைஃபை இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், குறுஞ்செய்தி அதில் வரும் என்பது நிச்சயமில்லை.

அந்தச் சலுகை டிக்கெட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பல மியூசிக்கல்கள் அன்றைய காட்சிக்குக் கொஞ்சம் இடங்களைக் குறைந்த விலையில் ஒதுக்குகின்றன. இதற்கு ‘ரஷ்’ என்று பெயர். டுடேடிக்ஸ் செயலியில் காலை 10 மணிக்குத் திறந்து, பிரபலமானது என்றால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். சில அரங்குகள் தங்கள் டிக்கெட் ஜன்னலிலேயே ‘டே சீட்’ என்று விற்கின்றன. ‘ஹாமில்டன்’ குலுக்கலில் பெயர் விழுந்தால் டிக்கெட் 10 பவுண்டு. லெஸ்டர் சதுக்கத்தில் டிகேடிஎஸ் சாவடி இருக்கிறது. லண்டன் அரங்கச் சங்கம் நடத்தும் இந்தச் சாவடியில் அன்றைக்கும் அடுத்த சில நாள்களுக்கும் தள்ளுபடி கிடைக்கும். சதுக்கத்துப் பூங்காவின் தெற்கு ஓரத்தில் கடிகாரம் வைத்த சிறு கட்டடம்தான் அசல். ‘பாதி விலை’ என்று பலகை மாட்டிய பக்கத்துக் கடைகளைக் கண்டு ஏமாற வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: இதற்காகவே கடல் கடந்து போகும் மியூசிக்கல் ஒன்று உண்டென்றால் அதற்கு முன்பதிவு செய்துவிடுங்கள். குலுக்கலை நம்பி அதை விடாதீர்கள். இரண்டாவது மூன்றாவது விருப்பங்களுக்கே இந்த வழிகள்.

மூன்றாவது தவறுதான் எங்களுக்கு மிகவும் உறுத்தியது. விலை கூடினால் இடம் நன்றாக இருக்கும் என்பது வெஸ்ட் எண்டில் பாதி உண்மைதான். அரங்குகளில் பலவும் நூறு ஆண்டு கடந்தவை. தரையில் ஸ்டால்ஸ், அதற்கு மேல் டிரஸ் சர்க்கிள் அல்லது ராயல் சர்க்கிள், அதற்கும் மேல் அப்பர் சர்க்கிள், சில இடங்களில் உச்சியில் பால்கனி. ஸ்டால்ஸின் முதல் வரிசையில் மேடை உயரமாக இருந்தால் நடனக்காரரின் கால் தெரியாது. நடு ஸ்டால்ஸில் தரைச் சரிவு குறைவு, முன்னால் உயரமானவர் உட்கார்ந்தால் அவ்வளவுதான். பின் ஸ்டால்ஸின் தலைக்கு மேல் சர்க்கிளின் அடித்தளம் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து பார்த்தால் மேடையின் மேல் பகுதி வெட்டுப்படும். ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’வில் பார்வையாளர் தலைக்கு மேல் தொங்கும் சரவிளக்கும், ‘விக்கெட்’டில் (Wicked) மேடை வளைவின் உச்சியில் இருக்கும் டிராகனும் அந்த இடங்களுக்குச் சரியாகத் தெரியாது.

மாறாக ‘ஹாமில்டன்’ மேடையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுழல் தளங்கள் உண்டு. நடன அமைப்பின் வடிவம் டிரஸ் சர்க்கிளிலிருந்துதான் முழுதாகப் பிடிபடும். ‘லயன் கிங்’குக்கு நேர் எதிர்: மேலே உட்கார்ந்தால் விலங்கு ஊர்வலத்தில் பெரும்பகுதி கண்ணில் படாது. ஸ்டால்ஸில் நடைபாதை ஓரம்தான் அதற்குச் சரி. ஆக, எந்த மியூசிக்கல் என்று முடிவு செய்த பிறகே எந்த வரிசை என்று யோசிக்க வேண்டும். சீட்பிளான் என்ற தளத்தில் ஒவ்வோர் இருக்கையிலிருந்தும் பார்வையாளர்கள் எடுத்த படங்கள் இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் பாருங்கள். ‘பார்வை மறைவு’ என்று குறிப்பிட்ட மலிவு இடங்களில் மறைப்பது தூணா, கைப்பிடிக் கம்பியா, பக்கக் கோணமா என்பதும் அதில் தெரியும். கம்பி என்றால் தாங்கலாம். தூண் என்றால் வேண்டாம்.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு: அப்பர் சர்க்கிள் படிகள் செங்குத்து, கால் நீட்ட இடமில்லை, பல அரங்குகளில் லிஃப்டும் இல்லை. முட்டி வலிக்காரர்களுக்கு ஸ்டால்ஸ்தான் எளிது என்றும் நினைத்துவிடாதீர்கள். பல பழைய அரங்குகளில் ஸ்டால்ஸ் தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, டிரஸ் சர்க்கிள்தான் வாசலுக்கு அருகில். முன்பதிவுக்கு முன் அரங்கின் அணுகல் உதவி எண்ணில் எத்தனை படி என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

விளம்பரத்தில் பார்த்த முகம் அன்று மேடையில் இல்லையே என்று புலம்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாரத்துக்கு எட்டுத் தடவை பாடும் தொண்டைக்கு ஓய்வு வேண்டும். அதற்காகவே அண்டர்ஸ்டடி, ஸ்விங் என்று ஆள்கள் தயாராக இருக்கிறார்கள். அண்டர்ஸ்டடி என்பவர் முக்கியப் பாத்திரத்துக்கு மாற்றாக நடிக்கப் பயின்றவர். ஸ்விங் என்பவர் குழுவில் ஐந்தாறு பேரின் இடத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். அன்று யார் நடிக்கிறார்கள் என்பது அரங்க முகப்புப் பலகையில் இருக்கும். இதற்காக லண்டனில் பொதுவாகப் பணம் திருப்பித் தருவதில்லை. சில பாத்திரங்களுக்கு வாரத்தில் குறிப்பிட்ட காட்சிகளை மாற்று நடிகரே நடிப்பது ஏற்பாடு. அந்தக் கிழமைகள் பெரும்பாலும் தளத்திலேயே இருக்கும்.

நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயைக் கட்டுரை ஒரே வரியில் ‘இதே போலத்தான்’ என்று முடித்தது. அப்படியல்ல. அங்கே பெரும்பாலும் திங்கள் விடுமுறை, ஞாயிறு பிற்பகல் காட்சி உண்டு. இருக்கை எண்கள் இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை, நடுவில் 101 முதல் தொடர்ச்சி. 1, 2 என்று இரண்டு டிக்கெட் வாங்கினால் கணவர் ஒரு பக்கம், மனைவி எதிர்ப்பக்கம். பக்கத்தில் உட்கார 2, 4 வாங்க வேண்டும். அரங்க ஜன்னலில் நேரில் வாங்கினால் இணையச் சேவைக் கட்டணம் இல்லை. வேகமான ஆங்கிலப் பாட்டு புரியாது என்று தயங்குகிறவர்களுக்குப் பல பிராட்வே அரங்குகளில் கேலாப்ரோ செயலி போனிலேயே வரிகளைக் காட்டும். பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதுக்கான தகுதி நாள் ஏப்ரல் பிற்பகுதியில் முடிவதால் புதியவை மார்ச், ஏப்ரலில் குவியும், ஜூனில் விருது கிடைக்காதவற்றில் சில மூடப்படும். தேர்ந்தெடுக்க நிறைய மியூசிக்கல்கள் வேண்டுமென்றால் மே மாதம் போங்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். ‘விக்கெட்’ நடப்பது ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ அப்பல்லோவில் என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. லண்டனில் அப்பல்லோ மூன்று: ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் ஒன்று, ஹேமர்ஸ்மித்தில் இசை நிகழ்ச்சிகளுக்கு ஒன்று, விக்டோரியா ரயில் நிலையத்துக்கு எதிரே அப்பல்லோ விக்டோரியா ஒன்று. 2006 முதல் ‘விக்கெட்’ நடப்பது மூன்றாவதில். 1930இல் திரையரங்காகக் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில்தான் 2002இல் ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே டிரீம்ஸ்’ அரங்கேறியது. பெயர் மாறிய அரங்குகளும் உண்டு. ‘லே மிசராப்ல’ நடக்கும் குவீன்ஸ் அரங்கு 2019 முதல் சோன்ட்ஹைம், ‘ஃபேன்டம்’ நடக்கும் ஹெர் மெஜஸ்டிஸ் 2023 முதல் ஹிஸ் மெஜஸ்டிஸ். கட்டுரை இவற்றையும் பழைய பெயரிலேயே தருகிறது. 7.25க்குத் தவறான அப்பல்லோ வாசலில் நிற்பவர் 7.30க்குள் விக்டோரியா போய்ச் சேர வழியில்லை. அடுத்த ஞாயிறு இதழிலேயே இந்த முகவரிகளைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்