விடுபட்ட வடிகாலை இணைத்து, குடிநீரில் சாக்கடை கலப்பதைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்
நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
ஏரிக்கரைக் குறுக்குத் தெருக்கள் (பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு மேற்கே).

பெறுநர்
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்.

பொருள்: ஏரிக்கரை இரண்டாவது குறுக்குத் தெரு, டிரான்ஸ்பார்மர் முனையில் மழைநீர் வடிகால் விடுபட்டிருப்பது, அதனால் குடிநீரில் சாக்கடை கலப்பது, உடனடி நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மனுக்களும், பகுதி சபைக் கூட்டத்தில் வைத்த கோரிக்கையும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றது. குப்பை பிரிப்பு, பூங்கா பராமரிப்பு, கொசு ஒழிப்பு என்று எதற்குக் கூப்பிட்டாலும் தங்கள் ஊழியர்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவுக்குள் வண்டி எதுவும் வர முடியாமல் போனது. அப்போது மொட்டை மாடிகளில் சமைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் எங்கள் உறுப்பினர்கள். புகார் சொல்வதற்கு மட்டும் வாசலுக்கு வருகிறவர்கள் நாங்கள் அல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

தாங்கள் இந்தப் பகுதியை நன்கு அறிந்தவர். டிரான்ஸ்பார்மர் முனையில் தாங்களே வந்து நின்று பார்த்திருக்கிறீர்கள். ரேஷன் கடைப் பக்கமிருந்து வரும் வடிகால் அந்த முனையோடு நின்றுவிடுகிறது. அங்கன்வாடியைத் தாண்டி மறுபடி தொடங்கி, சதுப்பு நிலத்தைப் பார்த்துப் போகிறது. நடுவே விடுபட்ட இடம் இரண்டு பஸ் நிற்கும் நீளம்தான் இருக்கும். அந்தத் துண்டுக்காகத்தான் இந்த மனு. முந்தைய மனுக்களும் அதற்காகத்தான்.

1. மேல்பக்க வடிகாலை ஒரு ஒப்பந்ததாரர் கட்டினார், கீழ்ப்பக்கத்தை வேறொருவர் கட்டினார். டிரான்ஸ்பார்மரையும் அதன் கேபிளையும் நகர்த்தாமல் நடுவில் தோண்ட முடியாது என்று இருவருமே விட்டுவிட்டுப் போனார்கள். தோண்டிய குழி மட்டும் திறந்து கிடக்கிறது. மேலிருந்து வரும் எல்லாம் அதில் விழுந்து தேங்குகிறது. பெயர்தான் மழைநீர் வடிகால். பாதாள சாக்கடை இன்னும் வராததால் பல வீடுகளின் கழிவுநீர் இணைப்பு அதற்குள்தான் இருக்கிறது என்பது தங்களுக்கும் தெரியும்.

2. எங்களை உண்மையில் வாட்டுவது குடிநீர். தெருவுக்கு வரும் குடிநீர்க் குழாய் அந்தக் குழியை ஒட்டியே போகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் விடுகிறார்கள். விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. சின்னக் கசிவு இருந்தால்கூட வெளியே நிற்கும் சாக்கடை உள்ளே போய்விடும். மறுநாள் வால்வைத் திறந்ததும் முதலில் வருவது அதுதான். கறுப்பாக, நுரையோடு, மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய நாற்றத்தோடு வருகிறது. கொஞ்ச நேரம் விட்டுப் பிடித்தால் நிறம் தெளிகிறது, நாற்றம் போவதில்லை. தெளிந்த அந்தத் தண்ணீரை, மலக் கழிவு கலந்திருந்தால் கறுத்துக் காட்டும் எச்2எஸ் சோதனைக் குப்பியில் பிடித்து வைத்தோம். குப்பி கறுத்துவிட்டது. 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலி கிருமி தென்படவே கூடாது என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர அளவு.

ப்ளீச்சிங் பவுடர் போடுங்கள், காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். போடாமல் இல்லை ஐயா. சம்ப்பில் (தரையடித் தண்ணீர்த் தொட்டியில்) சாக்கடை கலந்திருந்தால், போடுகிற குளோரின் முழுவதையும் அந்த அழுக்கே தீர்த்துவிடுகிறது. கிருமியைக் கொல்ல மிச்சம் இருப்பதில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், சரி. குடிக்க, சமைக்க, குழந்தைக்கு வாய் கொப்பளிக்க என்று எல்லாவற்றையும் காய்ச்ச எத்தனை சிலிண்டர் வேண்டும்?

சொந்த வீட்டுக்காரர்கள் கேன் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கிறார்கள். பின்பக்க லைன் வீடுகளில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் அவர்கள். லாரித் தண்ணீர் விடியற்காலையிலும் வரும், நடுப்பகலிலும் வரும், வராமலும் போகும். காத்திருந்தால் அன்றைய கூலி போச்சு. வேலைக்குப் போனால் அன்றைய தண்ணீர் போச்சு. அதனால் பள்ளிக்கூடம் போக வேண்டிய பெண் பிள்ளைகளைக் குடத்துக்குக் காவல் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு மனுவிலும் இதை எழுதினோம். யாராவது படித்தார்களா என்றுகூடத் தெரியவில்லை.

3. அங்கன்வாடி. அந்தக் குழி அதன் சுவரை ஒட்டி இருக்கிறது. குழந்தை விழுந்துவிடக் கூடாது என்று சங்கச் செலவில் பலகை போட்டு மூடியிருக்கிறோம், தகரம் வைத்து மறைத்திருக்கிறோம். மழை வந்தால் பலகை மிதக்கிறது. உள்ளே சத்துணவு சமைப்பதும் இதே குழாய்த் தண்ணீரில்தான். பெரியவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாள் படுத்து எழுந்துவிடுவார். இரண்டு வயதுக் குழந்தைக்கு உடம்பு நீர் வற்ற ஒரு நாள் போதும். சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுக்கிறார்கள். அதைக் கரைக்க எந்தத் தண்ணீரை எடுப்பது ஐயா? இந்தக் கேள்விக்காவது யாராவது பதில் சொல்லுங்கள். கடுமையாக எழுதுகிறோம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு எப்படி எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

4. மழைக்காலத்தில் சதுப்பு நிலம் நிரம்பிவிடுகிறது, அதனால் தண்ணீர் வடிவதில்லை என்று ஒரு விளக்கம் தரப்பட்டது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து வரும் தண்ணீர் அங்கேதான் சேர வேண்டும், ஒக்கியம் மடுவு வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அது எதிர்த்து ஏறுவதை நாங்களும் பார்த்து வாழ்கிறவர்கள்தான். ஆனால் நாங்கள் சொல்வது சித்திரை வெயிலிலும் வற்றாமல் நிற்கும் சாக்கடையைப் பற்றி. அதற்கும் சதுப்பு நிலத்துக்கும் என்ன சம்பந்தம்?

5. தங்கள் அலுவலகத்தில் கேட்டால் மின் அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். அங்கே போனால், டிரான்ஸ்பார்மரை நகர்த்தும் செலவை யார் கட்டுவது என்று எழுத்தில் வரவில்லை என்கிறார்கள். குடிநீர்ப் பிரிவில், வடிகால் முடியாமல் குழாயைத் தொட முடியாது என்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கும், மற்ற துறைகளின் அனுமதிக்காகக் காத்திருப்பதாகவே பதில் வந்தது. மூன்று பேரும் ஒரே நாளில், ஒரே மணி நேரம், அந்தக் குழிக்குப் பக்கத்தில் வந்து நிற்கக் கூடாதா? வேறெதையும் கேட்கவில்லை, முதலில் வந்து நில்லுங்கள்.

6. செலவுதான் தடை என்றால், நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதியைத் திரட்டித் தரவும் தயார்.

ஆகவே ஐயா, மூன்று அலுவலகங்களின் கூட்டு ஆய்வுக்குத் தேதி குறித்து, விடுபட்ட வடிகாலை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இணைத்துத் தர வேண்டுகிறோம். குழியை ஒட்டிப் போகும் குடிநீர்க் குழாயை விலக்கிப் புதிதாகப் பதித்து, குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சுகிறதா என்று எங்கள் முன்னிலையில் சோதித்துக் காட்ட வேண்டும். அதுவரை லாரித் தண்ணீர் தினமும் காலை 7 மணிக்குள் வரட்டும். வடிகாலில் விட்ட கழிவுநீர் இணைப்புகளைத் துண்டியுங்கள். அது எங்கள் சங்க நிர்வாகியின் வீடாக இருந்தாலும் தடுக்க மாட்டோம். அப்புறம், குழியைச் சுத்தம் செய்ய இயந்திரத்தை மட்டுமே அனுப்புங்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் ஒரு மனிதரை அதற்குள் இறக்கினால், நாங்களே வேலையை நிறுத்துவோம்.

மனு கிடைத்த 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் முடிவு என்பது அரசே வகுத்த விதி. முந்தைய மனுக்களுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. இந்த மனுவுக்காவது எழுத்தில் பதில் தாருங்கள். முடியாது என்றால் முடியாது என்றே எழுதிக் கொடுங்கள், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறோம். மறுபடியும் கேட்கிறோம் ஐயா, அந்தத் துண்டு வடிகாலை இணைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்

இணைப்பு: குழியின் புகைப்படங்கள், கறுத்த சோதனைக் குப்பியின் படம், லைன் வீட்டுக் குடும்பங்கள் உட்படக் குடியிருப்போர் கையொப்பங்கள்.
நகல்: வார்டு மாமன்ற உறுப்பினர் அவர்கள்.