கிளைடர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெர்மாகோலில் கிளைடர் (இயந்திரம் இல்லாமல் பறக்கும் விமானம்) மாதிரி செய்யும் வகுப்பு மண்டபம் ஊரிலும் தேவிபட்டினத்திலும் நடந்தது. ஐப்பசி மழையில் கொட்டகைக் கூரை ஒழுகியது, தார்ப்பாய் போட்டோம். நிர்வாகக் குழு விதிப்படி கூடியது, இரண்டு முறை கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் கலைந்தது.

நம் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. அதனால் நம் கரையில் நினைத்த இடத்தில் கிளைடரை ஏற்றிப் பறக்க முடியாது. நம் ஆட்கள் வெளியூர் போய்த்தான் பறக்கிறார்கள். தரையில் இருந்தபடி அவர்களைத் தயார்செய்து அனுப்புவதுதான் சங்கத்தின் வேலை என்று தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. "கிளைடரே இல்லாத கிளைடர் சங்கம்" என்று கேலி பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்க வேண்டும்.

சரி, இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன். ஸ்டால் எச்சரிக்கைக் கருவியின் செயல்விளக்கப் பெட்டியைத்தான் சொல்கிறேன். காற்றைச் சந்திக்கும் கோணம் மிஞ்சிப்போய் இறக்கை தூக்கும் சக்தியை இழப்பதுதான் ஸ்டால். "செயலாளரின் காலிங் பெல்" என்று வாட்ஸ்அப்பில் இதற்கு ஒரு பெயரும் வைத்தாகிவிட்டது. பெயர் வைத்தவர் ஒரு நாளாவது கொட்டகைக்கு வந்து பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒட்டுப்பலகையில் நீளமான ஒரு பெட்டி, ஒரு முனையில் பழைய பெடஸ்டல் ஃபேன். காற்று சுழலாமல் நேராக வரவேண்டும் என்பதற்காக, ஃபேனுக்கு முன்னால் ஜூஸ் கடை ஸ்ட்ராக்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி ஒட்டியிருக்கிறோம். நடுவில் தெர்மாகோல் இறக்கை, அதன் மேல்பரப்பு முழுக்கக் கம்பளி நூல் துண்டுகள். பக்கத்தில் பள்ளிக்கூடக் கோணமானி. இறக்கையின் முன்விளிம்புக்குச் சற்றுக் கீழே, குளிர்பானக் கேனில் வெட்டிய மெல்லிய தகடு குண்டூசியில் ஆடுகிறது. கோணம் குறைவாக இருக்கும்போது காற்று தகட்டைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. கோணம் ஏற ஏற, காற்று மேலும் கீழுமாகப் பிரியும் இடம் தகட்டுக்குக் கீழே இறங்கிவிடும். உடனே தகடு மேலே தள்ளப்பட்டு, கம்பியைத் தொட்டு, மணி அடிக்கிறது. இன்னும் ஓரிரு டிகிரி ஏற்றினால் அதுவரை படிந்திருந்த நூல்கள் சிலிர்த்துப் பின்னோக்கித் திரும்பி முன்விளிம்பைப் பார்க்கின்றன. அதுதான் ஸ்டால். தகட்டை அரை சென்டிமீட்டர் கீழே வைத்தால் மணி தாமதமாக அடிக்கும், மேலே வைத்தால் சும்மா சும்மா அடிக்கும். சரியான இடம் கண்டுபிடிக்கத்தான் அத்தனை மாலைப் பொழுதுகளும் போயின. மின்கட்டணம் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

இயந்திர விமானங்களில் இந்தத் தகடு சாதாரணமாகக் காணக்கூடியதுதான். செஸ்னா என்ற சிறிய விமானங்கள் பலவற்றில் மின்சாரம்கூடத் தேவையில்லை. இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துவாரம் இருக்கும். ஸ்டால் நெருங்கும்போது அங்கே அழுத்தம் குறைந்து காற்று உறிஞ்சப்படும், ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற ஒரு ரீட் ஊளையிடும். ஆனால் பெரும்பாலான கிளைடர்களில் இவை எதுவும் கிடையாது. மூக்கு உயர்ந்திருப்பது, காற்றுச் சத்தம் அடங்குவது, ஸ்டிக் (விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோல்) தொளதொளப்பது, இறக்கை நடுங்குவது ஆகிய இவைதாம் அங்கே எச்சரிக்கை. இது தெரிந்துதான் பெட்டியைச் செய்தேன். கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால், மேலே போனதும் அந்த அடையாளங்களைப் பிள்ளைகள் தேடுவார்கள்.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் செயல்விளக்கத்தின்போது ஒரு கேள்வி கேட்டார். "பழைய பாம்பன் பாலத்துல காத்து 58 கிலோமீட்டரைத் தாண்டினா சிக்னல் தானா செவப்பாகி வண்டி நின்னுரும். அது மாதிரி கிளைடர்லயும் வேகமானி இருக்கே தம்பி, அதைப் பார்த்தாப் போதாதா, மணி எதுக்கு?" ஆண்டு முழுவதிலும் வந்த ஒரே உருப்படியான கேள்வி அது. பாலத்தில் ஆபத்து காற்றின் வேகத்தில் இருக்கிறது. இறக்கையில் ஆபத்து கோணத்தில் இருக்கிறது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் எந்த வேகத்திலும் ஸ்டால் வரும். நேராகப் பறக்கையில் 65 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும் கிளைடர், உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் 77-லேயே ஸ்டால் ஆகும். 60 டிகிரி சாய்ந்தால் 92. முள் 80-ல் நிற்கிறதே என்று நிம்மதியாக இருப்பவருக்கு அந்தத் திருப்பத்தில் வேகமானி எதையும் சொல்லாது.

அப்புறம் ஸ்பின். ஒரு இறக்கை மற்றதைவிட அதிகமாக ஸ்டால் ஆகி, கிளைடர் அந்தப் பக்கம் சுழன்றபடி விழுவது. தரையிறங்கும் கடைசித் திருப்பத்தில் தாழ்வாக வந்துவிட்டோம் என்ற பயத்தில், சாய்க்கத் தயங்கி ரடரால் (காலால் இயக்கும் வால் சுக்கானால்) மூக்கைத் தள்ளி, கூடவே ஸ்டிக்கையும் இழுப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். அந்த உயரத்தில் மீள இடமிருக்காது. மேலே இருக்கும்போது மாட்டினால் வழி உண்டு. சுழலும் திசைக்கு எதிராக ரடரை முழுக்க அழுத்த வேண்டும், எய்லரானை (கிளைடரைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்பை) நடுவில் வைக்க வேண்டும், சுழற்சி நிற்கும்வரை ஸ்டிக்கை முன்னே தள்ள வேண்டும், நின்றதும் ரடரை நடுவுக்குக் கொண்டுவந்து மெதுவாக மேலெடுக்க வேண்டும். வாயால் யாரும் ஒப்பித்துவிடலாம். தரை சுழன்றுகொண்டே கண்ணுக்கு நேராக வரும்போது ஸ்டிக்கை முன்னே தள்ளக் கை வராது, இழுக்கத்தான் வரும். அந்தக் கையைப் பழக்க என் பெட்டியால் ஆகாது. போதிய உயரத்தில், ஆசிரியர் கூட இருக்க, ஸ்பின் ஆகக்கூடிய இரட்டை இருக்கைக் கிளைடரில்தான் பழக முடியும். எல்லாக் கிளைடரும் அதற்கு ஒத்துவராது. பல பயிற்சி மையங்களில் இருக்கும் ஏ.எஸ்.கே. 21 லேசில் ஸ்பின்னுக்குள் போகாது, அதற்கென்று வாலில் எடை கட்ட வேண்டும்.

"அமெரிக்காவிலேயே ஸ்பின் பயிற்சி கட்டாயம் இல்லை, நமக்கெதற்கு?" என்று துபாயிலிருந்து ஒரு உறுப்பினர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். தனிநபர் உரிமத்துக்கு அங்கே 1949-ல் அதை எடுத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். பயிற்சி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் இன்றும் உண்டு. பிரிட்டனில் கிளைடர் கற்பவர் தனியாகப் பறக்கும் முன்பே ஸ்பின்னிலிருந்து மீளக் கற்கிறார். குரல்பதிவு நீளமாக இருந்தது. அவருடைய சந்தா பாக்கி அதைவிட நீளம்.

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. மாதம் 50 ரூபாய். பாதிக்கு மேற்பட்டவர்கள் கட்டவில்லை. கூட்ட அறிவிப்புக்குக் கட்டைவிரல் காட்டுபவர்கள் அத்தனை பேரும் நேரில் வந்தால் கொட்டகையில் நாற்காலி போதாது. சென்ற மாதச் செயல்விளக்கத்துக்கு உறுப்பினர்களைவிட வேடிக்கை பார்க்க வந்த தெருப்பிள்ளைகள் அதிகம். அவர்களாவது கடைசிவரை இருந்தார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்குள் செலவு அடங்கியது. பெட்டிக்கான செலவில் ஒரு பகுதி நன்கொடை, ஒரு பகுதி "இதர" என்ற தலைப்பில் வந்திருக்கிறது, மீதி என் கைக்காசு. அதை நான் கேட்கப்போவதில்லை. ஃபேன் தந்த டீக்கடை அண்ணாச்சிக்கும், ஒட்டுப்பலகை அறுத்துத் தந்த ஆசாரிக்கும், இடம் தந்த பள்ளிகளுக்கும், நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் இருவர், ஒரு தம்பியும் ஒரு தங்கையும், வெளியூரில் கிளைடர் கற்கிறார்கள். தனியாகப் பறக்கும் கட்டத்தை நெருங்கிவிட்டார்கள். ஸ்பின் பயிற்சிக்குக் கூடுதலாகச் சில முறை கிளைடரில் மேலே ஏற வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம், போக வர ரயில் செலவு. வீட்டில் கேட்கத் தயங்குகிறார்கள். புதிதாக நன்கொடை எதுவும் கேட்கவில்லை. பாக்கிச் சந்தா வந்தாலே இருவருக்கும் தாராளமாகப் போதும் என்று பொருளாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொள்வதானாலும் எனக்குச் சம்மதமே, பெட்டியோடு சேர்த்தே ஒப்படைக்கிறேன். பாக்கிப் பட்டியலை இன்று வாசிப்பதாக இல்லை. ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது, சாப்பாடு முடிந்து கிளம்பும்வரை பொருளாளர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்