பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். பார்வைக்கு வரும்போது வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, எமிஸ் என்னும் இணையத் தளத்தில் ஏற்றும் பள்ளி, மாணவர் விவரப் பதிவு, கழிப்பறை, சத்துணவுக் கூடம் என்று எல்லாம் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஈராசிரியர் பள்ளிக்கும் நகரத்து மேல்நிலைப் பள்ளிக்கும் மலையில் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளிக்கும் ஏறக்குறைய ஒரே கண்ணோடு வருகிறீர்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஒருவரே. அங்கே எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கவலையாக இருக்கும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிக் காட்டும் இரைச்சல்தான் அந்தப் பள்ளி உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

அப்படி ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புச் சிறுமி 503-இலிருந்து 268-ஐக் கழித்து 365 என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டாள். ஆசிரியை தப்பு போடவில்லை. "சரி, வந்த விடையோட 268-ஐக் கூட்டிப் பாரு" என்றார். 633 வந்தது. சிறுமி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளாகவே அழித்தாள். நடுவில் இருந்த பூஜ்ஜியத்தில் மறுபடியும் திணறியபோது, ஆசிரியை நூறு குச்சிக் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து அவளையே பிரிக்கச் சொன்னார். ஒரு கணக்குக்குக் கால் மணி நேரம் போனது. அன்றைக்குப் பாடத்திட்டம் நகரவில்லைதான். ஆனால் நான் பார்த்ததிலேயே நல்ல வகுப்புகளில் அதுவும் ஒன்று. உங்கள் படிவத்தில் அந்தக் கால் மணி நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

ஈரோடு மாவட்ட மலைகளில் வீட்டில் வேறு மொழி பேசும் சோளகர் பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே முதல் பருவத்தில் ஒரு குழந்தை கூச்சம் விட்டு வாய் திறந்து பேசினாலே அது பெரிய கல்வி. நகரத்துப் பள்ளியிலோ நிலைமை வேறு. அங்கே பிள்ளைகள் நன்றாகவே பேசுவார்கள்; ஆனால் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற பேனருக்குப் பின்னால், "ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்காமலே பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்து, பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தீர்களே! ஒரே வகுப்பில் இருந்தாலும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு படியில் நிற்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டதால்தானே? பிள்ளைகளுக்குக் கொடுத்த அந்த இடத்தைப் பள்ளிகளுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தங்கள் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றலையும் நினைத்துப் பாருங்கள். ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியைச் சேர்ந்தவர்கள், சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைகளும், எதற்குப் பின் எதைப் படிப்பது என்று காட்டும் ஏணிப்படிகளும்தான் அதற்கு வேர். அது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவியது. பாயில் வட்டமாக உட்கார்வதும், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்ததும் அப்போதுதான். ஒரு குக்கிராமத்துப் பள்ளியிடமிருந்து பெருநகரம் கற்றுக்கொண்ட கதை இது. இன்றைக்கும் அது நடக்கலாம்.

அதனால் இரண்டு கோரிக்கைகள். அடுத்த பார்வையில் பதிவேடுகளைத் திறப்பதற்கு முன் ஏதாவது ஒரு குழந்தையின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். அதன் நோட்டைப் புரட்டுங்கள், என்ன புரிந்தது என்று அதனிடமே கேளுங்கள், கேட்டதை உங்கள் அறிக்கையில் எழுதுங்கள். அப்புறம், அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒன்றிரண்டையாவது விட்டுக்கொடுத்து, மலைப் பள்ளி ஆசிரியரை நகரத்துக்கும் நகரத்து ஆசிரியரை ஈராசிரியர் பள்ளிக்கும் ஒரு நாள் அனுப்பிவையுங்கள். போய்வந்த பிறகு அறிக்கை, போட்டோ எதுவும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்