துணிச்சலுக்குப் பின்னால் இருந்த இரண்டாவது குருதி மாதிரி

ஆசிரியர் அவர்களுக்கு,

கொவிட்டால் இறந்தவர்கள் அடக்கம் செய்யப்பட்ட ஓட்டமாவடி மஜ்மா நகர் பற்றிய பேச்சு எழும்போது வைரசு ஆய்வாளர் பேராசிரியர் மலிக் பீரிஸின் பெயரும் கூடவே வரும். கொவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. வைரசு உயிருள்ள கலத்தில் மட்டுமே பெருகும், நீர் புகாத உறையில் சுற்றி ஆறடி ஆழத்தில் புதைத்த உடலிலிருந்து அது நீரில் கலக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று வெளிப்படையாகச் சொன்னார் அவர். அடக்கத்துக்கு அனுமதி கிடைக்க 2021 பெப்ரவரி ஆயிற்று. அந்தத் துணிச்சலைப் பலரும் எழுதிவிட்டார்கள். வயல் வட்டையில் இறங்கும் நம் ஆட்களுக்கு உதவக்கூடியது அவருடைய ஆய்வுகூட வேலை.

பேராதனையில் மருத்துவம் படித்து 1995இல் ஹொங்கொங் போனவர். 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவியபோது, ஒரு நோயாளியின் நுரையீரல் துணுக்கிலிருந்து அவருடைய குழு குரங்கின் சிறுநீரகக் கலங்களில் வைரசை வளர்த்தெடுத்தது. ஏதோ ஒரு வைரசு வளர்ந்துவிட்டது என்பதற்காக நோய்க்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. ஆகவே நோய் தொடங்கியபோது எடுத்த குருதியையும் பிறகு எடுத்த குருதியையும் அந்தக் கலங்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். முதலாவதில் இல்லாத பிறபொருளெதிரி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள், இரண்டாவதில் இருந்தது. ஆரோக்கியமானவர்களின் குருதியில் அது இல்லை.

எலிக்காய்ச்சலிலும் இதே கணக்குத்தான். பெரும்போகத்தில் சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு. மூன்றாம் நாளே பிறபொருளெதிரிச் சோதனை செய்து, 'நெகட்டிவ்' என்ற துண்டோடு வீட்டில் படுத்துவிடுகிறார். பிறபொருளெதிரி குருதியில் தெரிய ஐந்து முதல் ஏழு நாள் செல்லும். அதற்கு முந்திய நெகட்டிவுக்குப் பெறுமதி இல்லை. உறுதி செய்ய 10 முதல் 14 நாள் கழித்து இரண்டாவது மாதிரி வேண்டும், அதில் பிறபொருளெதிரியின் அளவு நான்கு மடங்காவது ஏறியிருக்க வேண்டும். சுகமானபின் அதற்காகத் திரும்பி வருபவர் குறைவு. சிகிச்சை இந்த முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. வயல் வேலை செய்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நோவுக்குப் பரசிற்றமோல் மட்டும். டைக்குளோபெனக், புரூபன் வேண்டாம், சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

டெங்கில் கதை தலைகீழ். வைரசின் புரதத்தையே நேரடியாகத் தேடும் என்எஸ்1 சோதனை முதல் ஐந்து நாட்களில்தான் நம்பத்தக்கது, பிந்தினால் தவறவிடும். அதனால்தான் ஆய்வுகூடப் படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய திகதியைக் கேட்கிறோம். அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாகவே வருகிறது, நாம் என்ன சாத்திரமா பார்ப்பது?

எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு, வாரம் ஒருமுறை. வயலில் இறங்குமுன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். சாப்பிட்டபின் ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக்குழல் புண்ணாகும். பாலோடு எடுத்தால் உடலில் சேர்வது குறையும். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது.

விதைப்புச் செய்திகளோடு இதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் நல்லது.

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் சிலர்,
களுவாஞ்சிக்குடி, கல்முனை