மாலத்தீவில் ஓட்டுப் போடுவது மாலத்தீவினர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாலத்தீவு அரசியல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடிப்படைத் தகவல்கள் பெரும்பாலும் சரி. 1968-இல்தான் அங்கே குடியரசு வந்தது என்பது மட்டும் பாதி உண்மை. 1953-லேயே சுல்தான் ஆட்சியை நீக்கிவிட்டு முகமது அமீன் தீதி அதிபரானார். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. கவிழ்த்து, அடித்து, விஹாமனாஃபுஷி தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1954-இல் அங்கேயே இறந்தார். நாட்டின் முதல் சுற்றுலா விடுதி 1972-இல் திறந்ததும் அதே தீவில்தான்.

என் வருத்தம் வேறு. 2008-க்குப் பிந்திய ஒவ்வொரு தேர்தலையும் ‘இந்தியா ஜெயித்தது, சீனா ஜெயித்தது’ என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எழுதியிருக்கிறார் கட்டுரையாளர்.

மௌமூன் அப்துல் கயூம் 30 ஆண்டுகள் ஆண்டார். அப்போதெல்லாம் அதிபர் பதவிக்கு மஜ்லிஸ், அதாவது நாடாளுமன்றம், ஒரே ஒருவரை நிறுத்தும். மக்கள் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லலாம். அதை உடைத்தது டெல்லியும் இல்லை, பெய்ஜிங்கும் இல்லை. 2003 செப்டம்பரில் மாஃபுஷி சிறையில் இவான் நசீம் என்ற இளைஞரைக் காவலர்கள் அடித்தே கொன்றார்கள். தலைநகர் மாலேயில் கலவரம் வெடித்தது. 2005-இல் கட்சிகளுக்கு அனுமதி கிடைத்தது, 2008-இல் புது அரசியல் சாசனமும் பல கட்சித் தேர்தலும் வந்தன. முதல் சுற்றில் முந்திய கயூம், இரண்டாம் சுற்றில் முகமது நஷீதிடம் தோற்றார்.

அதிலிருந்து, பதவியில் இருந்துகொண்டு போட்டியிட்ட எந்த அதிபரும் ஜெயித்ததில்லை. 2018-இல் யமீன் தோற்றார், 2023-இல் சோலி தோற்றார். ‘இந்தியாவே வெளியேறு’ பிரசாரம் சோலியைத் தோற்கடித்த முய்சுவுக்கு உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சோலியின் கட்சி அதற்கு முன்பே இரண்டாக உடைந்திருந்தது; பிரிந்து போனவர் சாட்சாத் நஷீத். ஊழல் வழக்கில் தண்டனை பெற்ற யமீன் நிற்க முடியாமல் போனதால்தான் அவர் அணியிலிருந்த முய்சுவுக்கே வாய்ப்பு வந்தது. 2019-இல் மஜ்லிஸின் 87 இடங்களில் 65-ஐ அள்ளிய சோலியின் கட்சிக்கு 2024-இல் 93-க்கு 12 தான். இவ்வளவு பெரிய சரிவை வெளியுறவுக் கணக்கிலேயே எழுதிவிட முடியுமா?

அப்புறம், தெற்கே இருக்கும் அட்டு என்ற பவளத்தீவுக் கூட்டம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்குள்ள கான் தீவில் பிரிட்டிஷ் விமானத் தளம் இருந்தது. அதில் வேலையும் வருமானமும் கிடைத்தன. மாலேயின் கெடுபிடிகளைப் பொறுக்காமல், 1959-இல் பக்கத்து ஹுவதுவையும் ஃபுவாமுலாவையும் சேர்த்துக்கொண்டு சுவாதீவு என்று தனி நாடே அறிவித்தார்கள். தலைவர் அப்துல்லா அஃபீஃப். பிரிட்டன் கைவிட்டது, மாலே அடக்கியது, 1963-இல் கதை முடிந்தது. தூத்துக்குடியிலிருந்து தோணியில் சரக்கு போகிற நாடு இது. அட்டுவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி